நாகைப் பக்கம் படிக்கும் முறை

நாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் மாதம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. கந்தூரி விழாவுக்கு உள்ளூர் விடுமுறை. கோடியக்கரைக்குத் தென்கிழக்கே மீனவர்கள் கைது. காங்கேசன்துறை கப்பல் ரத்து. வாஞ்சூர் சோதனைச் சாவடியில் மதுபாட்டில் பறிமுதல். ஒவ்வொன்றும் நாலு வரி, அஞ்சு வரி. மேலே கட்சிக் கூட்டத்தின் பெரிய படம் இருக்கும், கண் அதிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது மாதம் கதை மாறும். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கப் போய் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்புவார்கள். விடுமுறை என்று நினைத்து வங்கிக்குப் போகாமல் இருந்துவிட்டு மறுநாள் முழிப்பார்கள். அப்போதுதான் அந்த நாலு வரிகள் ஞாபகத்துக்கு வரும். டீ சொல்லியாச்சு, வருவதற்கு நேரமாகும். அதற்குள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் கூண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் செய்தி வராத வாரமே இருக்காது. துறைமுக அலுவலகத்தில் உயரமாக ஒரு கம்பம் இருக்கும். பகலில் அதில் கூம்பும் உருளையுமான வடிவங்களை ஏற்றுவார்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். எந்த வடிவம் மேலே, எந்த வடிவம் கீழே என்பதைப் பார்த்தே கடலில் நிற்கிற கப்பல்காரன் எண்ணைப் படித்துக்கொள்ள வேண்டும். வயர்லெஸ் வருவதற்கு முந்தைய ஏற்பாடு இது. 1864ல் கல்கத்தாவைப் பெரும் புயல் ஒன்று அடித்து நாசமாக்கியது. அடுத்த ஆண்டே அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்துவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியது 1875ல்தான். துறைமுக எச்சரிக்கை, வானிலைத் துறைக்கே பத்து வயது மூத்தது.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் கூண்டு ஏறுகிறது, செய்தியும் வருகிறது. படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அதை மாணவனின் மதிப்பெண் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்: 3 என்றால் கொஞ்சம், 7 என்றால் நிறைய, 10 என்றால் ஊரே காலி. அப்படி இல்லை. மொத்தம் 11 எண்கள். அவை ஒரே ஏணியில் ஏறிப் போகிறவை அல்ல.

1ஆம் எண் என்றால் தூரத்துக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது ஒன்றுமில்லை. 2 என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. இங்கிருந்து கிளம்புகிற கப்பல், போகிற வழியில் அதில் மாட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டும் கடலில் போகிறவனுக்குச் சொல்கிற சேதி. கரையில் இருக்கிறவர்களுக்கான சேதி 3ல்தான் தொடங்குகிறது: துறைமுகத்திலேயே பலத்த காற்றும் மோசமான வானிலையும் வரலாம். 4 என்றால் கடலில் இருக்கிற புயல் பிறகு இந்தத் துறைமுகத்தைத் தாக்கலாம்.

அடுத்து வருகிற ஆறு எண்களில்தான் குழப்பமே. 5, 6, 7 மூன்றும் 'அபாயம்'. 8, 9, 10 மூன்றும் 'பேரபாயம்', அதாவது கடும் புயல். ஒரு கூட்டத்துக்குள் இருக்கிற மூன்று எண்களுக்கும் கடுமையில் வித்தியாசம் கிடையாது, வித்தியாசம் திசையில். புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 5. வலப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 6. துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. கடும் புயலுக்கு அதே வரிசையில் 8, 9, 10. ஆகவே 5ஐ இறக்கிவிட்டு 6ஐ ஏற்றினார்கள் என்றால் புயல் வலுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது வரும் பாதை மாறியிருக்கிறது.

செய்திகளில் 'புயல் துறைமுகத்தின் இடதுபுறமாகக் கடக்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். யாருடைய இடது? கடலைப் பார்த்து நிற்கிறவனுக்கு இடது வடக்கு. கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறவனுக்கு இடது தெற்கு. படிக்கிறவர் எப்படி நிற்கிறாரோ அப்படிப் புயல் திரும்பாது. கணக்கு புயலின் கையை வைத்துத்தான். கிழக்கே இருந்து மேற்கு நோக்கி வருகிற புயலுக்கு வலக்கை வடக்கே, இடக்கை தெற்கே. எனவே நாகையில் 5ஆம் எண் ஏறினால் புயல் நமக்கு வடக்கே, கடலூர், புதுச்சேரிப் பக்கம் கரையேறப் பார்க்கிறது. 6ஆம் எண் ஏறினால் நமக்குத் தெற்கே, வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம்.

தெற்கே போனால் நாம் தப்பித்தோம் என்று நினைத்துவிடக் கூடாது. பூமியின் வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. மேற்கு நோக்கி வருகிற புயலின் வடபக்கம் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். புயல் நகர்கிற வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். கடல்நீரை வாரி ஊருக்குள் தள்ளுவது அந்தக் காற்றுதான். தென்பக்கம் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். மழை கொட்டலாம், மரம் விழலாம், கடல் ஊருக்குள் புகுவது குறைவு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். நாகை அதன் வலக்கைப் பக்கம் இருந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது நாகை அதன் இடக்கைப் பக்கம். ஒரே ஊர், இரண்டு புயல், இரண்டு விதமான இரவு.

மிச்சம் இருப்பது 11. பத்தைவிடப் பெரியது என்று பயப்பட வேண்டாம், நிம்மதியும் வேண்டாம். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் அபாயம் இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த எண் அதுதான். தெரியவில்லை என்பதையும் கம்பத்தில் ஏற்றிச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

கூடவே ஒன்று. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது புயல், பெயர் வைப்பதும் அப்போதுதான். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118ஐத் தொட்டால் அதிதீவிரப் புயல். பெயர் வரும் முன்பே மழை ஊரை முக்கிவிடலாம். பெயரில்லாத தாழ்வு மண்டலங்கள் டெல்டாவின் சம்பா வயலை எத்தனையோ முறை மூழ்கடித்திருக்கின்றன. தொலைக்காட்சி பெயர் வைக்கும் நேரத்துக்குக் காத்திருக்கலாம், நாம் காத்திருக்கத் தேவையில்லை.

டீ வந்துவிட்டது. அடுத்த வரி: 'மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை.'

இது ஒரே செய்தி மாதிரி தெரியும், உண்மையில் மூன்று விதம். வானிலை மையம் எச்சரித்து மீன்வளத் துறை போகாதே என்று சொன்னதால் செல்லவில்லை, அது ஒன்று. டீசல் விலையைக் கண்டித்தோ கைதைக் கண்டித்தோ படகுக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வது இன்னொன்று. மூன்றாவது, ஊர் சொன்னதால் செல்லவில்லை. வெளியூர்க்காரருக்கு விளங்காதது இந்த மூன்றாவதுதான்.

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், ஆரியநாட்டுத் தெரு, சாமந்தான்பேட்டை, கல்லார் என்று இந்தக் கரையில் ஒவ்வொரு மீனவ ஊருக்கும் ஒரு பஞ்சாயத்து உண்டு. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற வார்டு உறுப்பினரோடு இதைச் சேர்க்காதீர்கள். அது அரசாங்கத்துடையது, இது ஊருடையது. பஞ்சாயத்தார் கூடுவார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கோயில் திருவிழா, ஊர் வழக்கு, கடலில் எந்த வலையை எங்கே போடலாம், யாருடைய வலையை யார் படகு அறுத்தது, அதற்கு என்ன நஷ்டஈடு, எல்லாம் அங்கே பேசி முடியும். முடிவை மைக்கில் சொல்வார்கள். நாளைக்குத் தொழிலுக்குப் போக வேண்டாம் என்று மைக் சொன்னால் ஒரு படகு நகராது. பல ஊர்களில் துக்கம் விழுந்தாலும் அப்படித்தான், அன்றைக்குக் கடல் கிடையாது.

மார்ட்டன் பாவிங்க் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் தங்கி, அரசின் சட்டமும் ஊரின் சட்டமும் ஒரே கடலில் எப்படி மோதிக்கொள்கின்றன, எப்படி அனுசரித்துப் போகின்றன என்று புத்தகமே எழுதியிருக்கிறார், 2001ல் வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தைப் பழைய காலத்து மிச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. கடலின் மேல் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. வலை அறுந்த அன்று மாலையே தீர்ப்புச் சொல்ல வேறு ஆள் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணம் பிரித்ததில் இந்தப் பஞ்சாயத்துகளின் கை பெரியது.

அதற்காகத் தலையில் தூக்கி வைக்கவும் மனம் வரவில்லை. அபராதம், ஊர்விலக்கம் என்று போய், பாதிக்கப்பட்ட குடும்பம் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கிற செய்தியும் இதே பக்கத்தில்தான் வருகிறது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் பெண்கள் உட்காருவது அரிது. கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் அடுக்கி, பஸ் ஏறித் தெருத் தெருவாக விற்றுக் காசாக்குகிறவர்கள் அவர்கள்தான். கடலுக்குப் போகாதே என்ற முடிவில் அன்றைய வருமானத்தை இழக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அந்த முடிவில் வாய் கிடையாது.

இனி மீன் விலை. ஏப்ரல் நடுவில் ஒரு செய்தி வரும்: மீன்பிடித் தடைக்காலம் தொடக்கம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்பதால் விசைப்படகுகள் போகக் கூடாது. தொடக்கத்தில் இது 45 நாட்களாக இருந்தது, பிறகுதான் 61 ஆனது. நாட்டுப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் தடை இல்லை. அதனால் மீனே கிடைக்காது என்பதில்லை. கரையோரத்து மீன் வரும், ஆழ்கடல் மீன் வராது. கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்ச் சந்தைக்கு மேற்குக் கரை மீன் ஐஸ் பெட்டியில் ஏறி வந்துவிடும். ஜூன் முதல் இரண்டு வாரம்தான் இரண்டு கரையின் தடையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. அந்த இரண்டு வாரத்தில் வஞ்சிரம் கேட்கிறவர் மருத்துவச் செலவு மாதிரி மனதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும். என் ஆலோசனை, அப்போது மத்தியோ நெத்திலியோ வாங்கிக் குழம்பு வையுங்கள். ருசியில் குறைச்சல் இல்லை.

தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்கினார்கள். 61 நாளுக்கு 8,000 என்றால் நாளுக்கு 131 ரூபாய் சொச்சம். 'நிவாரணத் தொகை வழங்கல்' என்று ஆட்சியர் கையெழுத்துப் போடுகிற படத்தைப் பார்க்கும்போது இந்தச் சின்ன வகுத்தலையும் போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே காரைக்கால். அதே கடல், அதே காற்று, ஆனால் அது புதுச்சேரி அரசு. நிவாரண அறிவிப்பு வேறு, கொடுக்கிற நாள் வேறு. வாஞ்சூரில் மதுபாட்டில் பிடிபடுகிற செய்திக்கும் காரணம் அந்த எல்லைக் கோடுதான். விலை வித்தியாசம் இருக்கும்வரை அந்தச் செய்தி வாராவாரம் வரும், படிக்காமலே தாண்டலாம்.

ஜூன் 14 சாயங்காலம் ஒருமுறை கடுவையாற்று முகத்துவாரத்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்வாருங்கள். இரண்டு மாதமாகக் கரையில் கிடந்து, பலகை மாற்றி, ஓட்டை அடைத்து, புது வர்ணம் அடித்த படகுகள் வரிசையாக நிற்கும். பாளம் பாளமாக வந்த ஐஸ் கட்டியை இயந்திரத்தில் கொடுத்து நொறுக்கி, கூடை கூடையாகப் படகின் அடித்தட்டில் கொட்டுவார்கள். பக்கத்தில் டீசல் ஏறும். குடிதண்ணீர்க் கேன், அரிசி மூட்டை, எண்ணெய், மிளகாய்த்தூள், வெங்காயம், அடுப்பு, பீடிக்கட்டு வரைக்கும் ஏறும். இருபது கிலோ தக்காளி எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்கள். கடலில் நாலைந்து நாள் எட்டுப் பேர் சாப்பிட வேண்டாமா? வலை பின்னுகிறவர் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். விரலுக்கிடையில் ஊசி போய்வருகிற வேகத்தில் நமக்குக் கண் வலிக்கும். இந்தச் செலவெல்லாம் கழிந்த பிறகுதான் பங்கு. பிடித்த மீனை விற்றுவந்த பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு போக மிஞ்சுவதைப் படகு உரிமையாளரும் தொழிலாளர்களும் பிரித்துக்கொள்வார்கள். டீசல் ஏறினால் முதலில் சுருங்குவது தொழிலாளியின் பங்கு. கையில் மாதச் சம்பளம் கிடையாது. பாடு இருந்தால் பங்கு, இல்லாவிட்டால் கடன்.

நடுராத்திரி தாண்டியதும் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரம் வழியாக வெளியேறும். முதல் வாரத்து ஏலத்தில் விலை சட்டென்று இறங்கும். அப்போது வாங்குங்கள்.

இந்த விவகாரத்தோடு ஒட்டிய இன்னொரு வார்த்தையும் அடிக்கடி கண்ணில் படும், சுருக்குமடி. கூட்டமாக வரும் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளுகிற பெரிய வலை. தமிழ்நாட்டில் 2000லிருந்தே தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, 12 கடல்மைலுக்கு அப்பால் என்று அனுமதித்தது. வைத்திருக்கிற ஊருக்கு அது லட்சக்கணக்கில் போட்ட முதல். வைத்திராத ஊருக்கு, தன் பங்கு மீனையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிற வலை. பன்னிரண்டு மைல் தாண்டிப் போய், மீன் பிடித்து, ஆறு மணிக்குள் எப்படித் திரும்புவது என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனாலும் கட்டுமரக்காரரின் பயம் அதைவிட நியாயமானது என்று எனக்குப் படுகிறது. இரண்டு ஊர் மீனவர்கள் மறியல் என்று செய்தி வந்தால் பின்னணி பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

கைது செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் கடல் எல்லையை 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்தன. பாக் நீரிணை குறுகலான கடல். இங்கிருந்து சில மணி நேரத்தில் எல்லை வந்துவிடும். இலங்கைக் கடற்படை பிடித்தால் யாழ்ப்பாணப் பக்கத்து நீதிமன்றம் ஒன்றில் நிறுத்துவார்கள். இங்கே மனு, மறியல், முதலமைச்சரின் கடிதம். சில வாரத்தில் ஆட்கள் திரும்பி வரும் செய்தி வரும், படம் வரும். படகு வராது. இலங்கைச் சட்டத்தில் படகை அரசுடைமையாக்க இடம் இருக்கிறது. ஒரு விசைப்படகின் விலையும் அதன் மேல் வாங்கிய கடனும் எவ்வளவு என்று தெரிந்தவருக்கு, விடுதலைச் செய்தியில் படகு பற்றி ஒரு வரியும் இல்லாதது கண்ணில் படும்.

நம் பத்திரிகைகள் சரியாகச் சொல்லாத பாதியும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் வலை போடுகிறவர்களும் தமிழர்கள்தான். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் கடலுக்கே போக முடியாமல் கிடந்து, பிறகு சின்னப் படகில் தொழிலைத் திரும்பத் தொடங்கியவர்கள். நம் பக்கத்து இழுவைமடிப் படகு கடலடியை வாரிக்கொண்டு போகும்போது அறுவது அவர்களுடைய வலை. இலங்கை தன் நாட்டில் இழுவைமடியை 2017ல் தடை செய்துவிட்டது. தாக்குதலையும் துப்பாக்கிச் சூட்டையும் யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் இழுவைமடியைப் பற்றிப் பேசாமல் இந்தச் சண்டையைத் தீர்க்கிறோம் என்பது ஏமாற்று. கரையில் நிதானமாகப் பேசினால் படகுக்காரர்களே இதை ஒத்துக்கொள்வார்கள், மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே கடலைத் தாண்டி 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் கிளம்பியது. சில நாட்களிலேயே மழைக்காலத்தைச் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16ல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு திரும்பத் தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். அதற்குப் பிறகும் வானிலை சரியில்லை என்று அவ்வப்போது ரத்து செய்தி வரும். டிக்கெட் எடுத்தவர் முதலில் பார்க்க வேண்டியது கூண்டு எண்ணைத்தான்.

விடுமுறைக்கு வருவோம், சிரமமில்லாத விஷயம். நாகூர் கந்தூரி இஸ்லாமிய ஆண்டின் ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையில் கொடியேற்றத்தோடு தொடங்கிப் பதினான்கு நாள் நடக்கும். கப்பல் வடிவ ரதங்களில் கொடி ஊர்வலம் கிளம்புவது நாகையிலிருந்து. பத்தாம் இரவு சந்தனக்கூடும் நாகையிலிருந்து நாகூருக்குப் போகும். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். பிறைக் கணக்கு என்பதால் கந்தூரி ஆண்டுக்குப் பதினோரு நாள் வாக்கில் முன்னே நகரும். வேளாங்கண்ணி அப்படி அல்ல, ஆகஸ்ட் 29 கொடி, செப்டம்பர் 8 திருவிழா, எந்த ஆண்டும் மாறாது. அந்தப் பதினோரு நாளும் காவி உடுத்த பாத யாத்திரைக்காரர்கள் சாலையோரம் நிறைந்திருப்பார்கள், ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர்கள் கவனமாக ஓட்ட வேண்டும். ஆவணி ஆயில்யத்தில் அதிபத்த நாயனாருக்காகக் கடலில் தங்கமீன் விடுகிற விழா. கிடைக்கிற முதல் மீனைச் சிவனுக்கென்று விட்ட நாகை மீனவர் அவர். அதற்குக் கூட்டம் குறைவு, பார்க்க வேண்டிய விழா.

ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால் அறிவிப்பைக் கடைசி வரை படியுங்கள். கீழே ஒரு வரி இருக்கும்: செலாவணி முறிச் சட்டம் 1881ன்படி இந்த விடுமுறை அறிவிக்கப்படவில்லை. வங்கிகளைக் கட்டாயமாக மூட வைப்பது அந்தச் சட்டத்தின் கீழ் வருகிற விடுமுறைதான், ஆட்சியரின் உள்ளூர் விடுமுறை அதில் சேராது. பள்ளிக்கூடம் மூடியிருக்கும், மாவட்ட அலுவலகங்கள் மூடியிருக்கும், வங்கி திறந்திருக்கும், கருவூலம் கொஞ்சம் ஆட்களோடு நடக்கும். ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலைநாள் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கும். பிள்ளைகள் அந்தப் பாதியைப் படித்துவிட்டு உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

பத்திரிகைக்கு வராத சேதிக்குச் சுவரைப் பார்க்க வேண்டும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஊர்ப் பெயர், தெருப் பெயர், அடக்கம் எத்தனை மணிக்கு என்பது வரை இருக்கும். நாகூர்ப் பக்கம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். தண்ணீர் வராது, மின்தடை, கடைத் திறப்பு எல்லாம் மைக் கட்டிய ஆட்டோவில் வரும். டிசம்பர் 26 அன்று மட்டும் பத்திரிகையின் நினைவஞ்சலி விளம்பரங்களை விடாமல் பாருங்கள். 2004 ஆழிப்பேரலையில் இந்த மாவட்டத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். குழந்தைகளின் படத்துக்குக் கீழே போட்டிருக்கிற வயது மாறவே மாறாது. அன்றைக்கும் படகு போகாது, அதற்கு யாரும் அறிவிப்புத் தர வேண்டியதில்லை.

உள்ளூர்ப் பக்கம் எழுதுகிற நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கூண்டு எண்ணைப் போடும்போது அதன் பொருளையும் ஒரு வரியில் போடுங்கள். இடது, வலது என்பதை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், வேதாரண்யம் பக்கம், கடலூர் பக்கம் என்று. கட்சிக் கூட்டத்துப் படத்தில் ஒரு அங்குலம் குறைத்தால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

புதிதாக வந்தவர்கள் போனில் இரண்டு எண்களை இன்றைக்கே பதிந்துவையுங்கள். மழை, புயல் நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. கடலில் யாராவது ஆபத்தில் இருந்தால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554.